ஒரு சொல்லும் பல பொருளும்

ஒரு சொல் பல பொருள் தருதல் எல்லா மொழிகட்கும் பொதுவாகிய இயல்பு. இதனை நன்குணர்ந்தே நம் முன்னோர், திவாகர நிகண்டில் 'ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி' என்றொரு பகுதியைத் தனியே அமைத்தனர். ஆங்கில நூல்களைப் பயிலும் நமக்கோ இவ்வியல்பால் ஓரிடர் உண்டாகின்றது. அறியாத சொல்லைக் கண்டவிடத்து அகராதியை நாடுகின்றோம். அறிந்த சொல்லென்று எண்ணியவிடத்து நாடுகின்றிலம். பிழை பெரும்பாலும் பின்னதன்கண்ணே நேர்கின்றது. நான்கு எளிய சொற்களை ஈண்டு எடுத்துக் காட்டுவாம்.

முதலாவது 'ஒர்க்' என்பது. உலக வழக்கில் இது தொழில், உழைப்பு என்னும் பொருட்டு. பௌதிக நூலிலோ, விசையையும் அவ்விசையின் திசையிற் பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்க வருவதே 'ஒர்க்'. ஆகவே, தலையில் மூட்டையைச் சுமந்து ஒரு நாழிகை அசையாது நிற்கும் கூலியாள் வியர்த்துக் களைப்பினும், அம்மூட்டையின்மேல் அவன் செய்த 'ஒர்க்' சுழியே. இஃது அவனுக்கு இழைத்த அநீதியன்று. சொல்லின் எல்லை வேறுபட்டதேயாம்.

அடுத்தது 'சால்ட்'. சமையலறையில் இது கறியுப்பு ஒன்றையே குறிக்கும். இரசாயன நூலாரோ, அமிலமும் காரமும் கூடுங்கால் நீருடன் உண்டாகும் பொருள்களையெல்லாம் இப்பெயரால் வழங்குவர். கறியுப்பும் அவற்றுள் ஒன்று; நச்சுத்தன்மையுடைய மயில்துத்தமும் ஒன்று. பெயரொற்றுமை கண்டு அதனை நாவிலிடுவான் கதி யாதாம்?

'செல்' என்னும் சொல்லின் வரலாறு இனியது. சிற்றறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்த இது, துறவியர் தங்கும் அறை, சிறையறை, தேனடையின் கண்ணறை ஆகியவற்றைக் குறித்து வந்தது. 1665ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இராபர்ட் ஹூக் என்பார், தக்கைச் சீவலில் உருப்பெருக்கிக் கண்ணாடியாற் கண்ட நுண்ணறைகளுக்கு இப்பெயரிட்டார். அதுவே உயிர்நூலில் உயிரணுவாயிற்று. மின்னூலில் இது மின்கலம். 'செல்போன்' என்பதிலுள்ள 'செல்' அம்மின்கலமன்று; நிலப்பரப்பைச் சிறு சிறு வட்டகைகளாகப் பகுத்துச் செய்தி விடுக்கும் முறையால் வந்த பெயர் அது.

இறுதியாக, 'புரூட்'. உலகத்தார் இனிய பழத்தை இப்பெயரால் அழைப்பர். தாவரநூலார், பூவின் சூலகம் முதிர்ந்து விதையைப் பொதிந்து நிற்பதனை அங்ஙனம் கூறுவர். எனவே கத்தரிக்காயும் வெண்டைக்காயும் தக்காளியும் அவர்க்குப் 'புரூட்' ஆம். 1883ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிக் காய்கறிக்கு நூற்றுக்கு 10 வீதம் வரி விதித்தது. பழங்களுக்குப் பொதுவாக வரியில்லை. தக்காளி இறக்கிய நிக்ஸ் என்னும் வணிகர், கட்டிய வரியைத் திரும்பப் பெற வழக்கிட்டார். 1893இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாவரநூற் கருத்து யாதாயினும், சட்டத்திலுள்ள இச்சொல்லை மக்கள் வழக்கின்படியே கொள்ளல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லின் பொருளால் அவர் தம் பொருளை இழந்தார்!

ஆதலின், சொல்லைக் காணுங்கால் இது எத்துறை நூல், உடனிற்கும் சொற்கள் யாவை என நோக்குதல் வேண்டும். பின் அதன் இலக்கணத்தைத் தமிழில் ஒரே வாக்கியத்தாற் கூறிப் பார்த்தல் நன்று. சிறையறை, உயிரணு, மின்கலம் எனத் தமிழ் தனித்தனிச் சொல் தருதலின், நமது அறிவிலுள்ள கலக்கம் அங்கே தானே வெளிப்படும். மாணவ நண்பர்கள் இப்பயிற்சியை மேற்கொள்வாராக.