கழுத்தில் ஒரு பட்டாணி!

திங்கட்கிழமை காலை. அவசர அவசரமாக ஷேவ் செய்து கொண்டிருக்கிறீர்கள். தாடைக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. பட்டாணி சைஸில் ஒரு கட்டி! அன்றைக்கு ஆபீஸில் வேலை ஓடுமா? பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கை தானாகக் கழுத்துக்குப் போகும். பக்கத்து ஸீட்டுக்காரர், "என்ன ஸார், சுளுக்கா?" என்பார்.

பதறாதீர்கள். 'நெறி கட்டியிருக்கு' என்று பாட்டி சொல்வாளே, அந்த சமாசாரம்தான். நம் உடம்பில் சுமார் 600 நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. கிருமிகளை மடக்கிப் பிடிக்கிற செக்போஸ்ட்டுகள். வாயும் மூக்கும் தொண்டையும் கிருமிகள் நுழைகிற வாசல் என்பதால் கழுத்தில் செக்போஸ்ட் அதிகம். அங்கே அடிதடி நடந்தால் முடிச்சு வீங்கும், வலிக்கும்.

எங்கே வீங்கியிருக்கிறது என்பதிலேயே பாதித் துப்பு கிடைத்துவிடும். தாடைக்கு அடியில் என்றால் சொத்தைப் பல்லோ, ஈறோ காரணமாக இருக்கலாம். தாடை முனையில் என்றால் டான்ஸில். பின்னங்கழுத்தில் என்றால் தலையில் புண், பேன்... (சிரிக்காதீர்கள், மீசை வைத்தவர்களுக்கும் பேன் வரும்!) இந்த மாதிரி நெறி பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக வடிந்துவிடும்.

வடியாவிட்டால்? அங்கேதான் என் நண்பர் கோட்டை விட்டார்.

அவருக்குக் கட்டி வந்து இரண்டு மாதமாகியிருந்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாயிற்று. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டாயிற்று. பெண் பார்க்கிற சமயம் வேறு. காலர் பட்டனைப் போட்டு மறைத்துக் கொண்டு திரிந்தார். நான் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் கழுத்தின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். "வலிக்குதா தம்பி?"

"துளிக்கூட வலி இல்ல டாக்டர்!" ஏதோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி சொன்னார் நண்பர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வலிச்சிருந்தா நீங்க அன்னிக்கே வந்திருப்பீங்க. நானும் கம்மியா கவலைப்பட்டிருப்பேன்" என்றார்.

நம்மில் பாதிப் பேர் ஏமாறுவது இதில்தான். சுருக்கென்று வலித்தால் ஓடுகிறோம். வலிக்காவிட்டால் 'ஒண்ணும் இல்லை' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வலிக்காமல் வளர்கிற கட்டி, கல் மாதிரி கெட்டியான கட்டி, அசைத்தால் நகராத கட்டி, காறை எலும்புக்கு மேலே வருகிற கட்டி... இவற்றுக்கு மூன்று வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைய வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது இவையும் சேர்ந்தால் நிச்சயம் கூடாது. ஹான்ஸ், பான் மசாலா, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பாராவை இன்னொரு தரம் படிக்கவும். வாய்ப் புற்றுநோய் முதலில் பரவுவது கழுத்து முடிச்சுகளுக்குத்தான். முடிச்சிலேயே பிறக்கிற லிம்போமா என்ற புற்றுநோயும் உண்டு. வாலிப வயதிலும் அது வரும்.

ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். கடைசியில் ஊசி. மெல்லிய ஊசியைக் கட்டியில் செலுத்தி, துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. "ஊசி போட்டா பரவிடும்னு சொல்றாங்களே?" என்று நண்பர் நடுங்கினார். "யாரு, மெடிக்கல் ஷாப்காரரா?" என்றார் டாக்டர். ரத்தம் எடுக்கிற ஊசியை விடச் சன்னமான ஊசி அது. ஐந்து நிமிஷ வேலை. அதில் தெளிவாகத் தெரியாவிட்டால் ஒரு முடிச்சையே எடுத்துச் சோதிப்பார்கள். அதற்கு முன்னால் யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். கட்டி சுருங்கும்; லிம்போமாவாக இருந்தால் வியாதி ஒளிந்துகொள்ளும்.

ரிஸல்ட் வந்தது. டி.பி.!

"இருமலே இல்லையே?" என்றார் நண்பர். டி.பி. நுரையீரலோடு நிற்பதில்லை. கழுத்தில் மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக வரும் இதற்குக் கண்டமாலை என்று அந்தக் காலத்திலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ராஜாவோ ராணியோ தொட்டால் இது குணமாகும் என்று நம்பினார்கள். பிற்பாடு அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக 1712-ல் ராணி ஆனிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். ராணி தொட்டார். கட்டி கேட்கவில்லை.

நமக்கு ராணி வேண்டாம், மாத்திரை போதும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சாதாரணமாக ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று. சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடும் திட்டமும் இருக்கிறது. லீவு போட்டுப் படுக்க வேண்டும் என்பதில்லை. வீட்டிலிருந்தே டி.பி. மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1950-களின் கடைசியில் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே நம்ம சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். நுரையீரலில் இல்லாமல் கழுத்தில் மட்டும் இருந்தால் பக்கத்து ஸீட்டுக்காரருக்கு ஒட்டவும் ஒட்டாது.

முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு கலரில் போக, நண்பர் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் போட்டார். மருந்தின் வேலை அது, பயப்பட ஒன்றுமில்லை. நடுவில் கட்டி கொஞ்சம் பெரிதானதும் மறுபடி போன். சிகிச்சையின்போது சிலருக்கு அப்படி ஆவதுண்டு. டாக்டரிடம் காட்ட வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. மூன்றாம் மாதம் கட்டி கரைந்ததும் "இனிமே எதுக்குடா மாத்திரை?" என்றார். பாதியில் விட்டால் மருந்துக்கே மசியாத டி.பி.யாகத் திரும்பி வரலாம் என்று சொல்லி மிரட்டி வைத்தேன்.

நாலாவது மாதம் ஒரு வரன் திகைந்தது. மறைக்க வேண்டாம் என்றேன். தயங்கித் தயங்கிப் பெண்ணின் அப்பாவிடம் போட்டு உடைத்தார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"இன்னிக்கு மாத்திரை போட்டாச்சா மாப்ளே?"