பத்திரிகைச் சுதந்திரமும் வீட்டு வாசலும்

பேச்சுச் சுதந்திரத்துக்காக அந்நிய சர்க்காருடன் போராடிய தேசம் நம்முடையது. 1878-ஆம் வருஷத்துத் தேசபாஷைப் பத்திரிகைச் சட்டத்தின் கசப்பை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே, ‘இதை எழுதாதே’ என்று எவர் சொன்னாலும் நமக்குச் சந்தேகம் உண்டாவது இயல்பே. ஆயினும், அந்தச் சுதந்திரத்தின் பெயரால் பிறர் வீட்டுக் கதவைத் தகர்க்கலாமா என்பது வேறு கேள்வி. இதற்குக் காவேரிக் கரையில் பிறந்த ஒருவரின் சரித்திரமே தக்க சான்று.

அந்நாளையத் தஞ்சை ஜில்லாவிலிருந்த மாயவரத்தில் 1910-ல் பிறந்த எம். கே. தியாகராஜ பாகவதர், 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தபோது புகழின் உச்சியிலிருந்தார். அக்காலத்தில் சென்னையில் லக்ஷ்மிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையில் நடிகர்களின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி எழுதிவந்தார். அஞ்சியவர்கள் பணம் கொடுத்து அவர் வாயை அடைத்தார்கள். பாகவதர், என். எஸ். கிருஷ்ணன் முதலியோர் கவர்னரிடம் விண்ணப்பித்தனர், லைசென்ஸ் ரத்தாயிற்று. பலன் என்ன? அதே சரக்கு ‘இந்து நேசன்’ என்ற பெயரில் வெளிவந்தது. 1944 நவம்பரில் லக்ஷ்மிகாந்தன் வேப்பேரியில் குத்துண்டு இறந்தார். 1945-ல் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டது. வழக்கு பிரிவி கவுன்ஸில் வரை சென்று, 1947-ல் இருவரும் விடுதலையாயினர். பாகவதரின் பழைய கீர்த்தி திரும்பவேயில்லை.

எழுதியவர் உயிரை இழந்தார். எழுதப்பட்டவர் வாழ்வை இழந்தார். காசு கொடுத்து அவ்வேட்டை வாங்கி ரசித்தவர்கள் மட்டும் ஒன்றையும் இழக்கவில்லை. லைசென்ஸும் கத்தியும் எல்லையை வகுக்கவில்லை.

எல்லைதான் எங்கே? தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் சுயசரிதத்தை ‘நக்கீரன்’ வெளியிடுவது குறித்த வழக்கில், 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு வழி காட்டியது. ஒருவருடைய குடும்பம், விவாகம் முதலியவற்றை அவர் சம்மதமின்றிப் பிரசுரிக்கலாகாது; ஆனால் பொதுப் பதிவேடுகளில் உள்ளதையும், உத்தியோகஸ்தர் தம் உத்தியோகத்தில் செய்ததையும் எழுதலாம்; பிரசுரமாகுமுன் தடுக்க சர்க்காருக்கு அதிகாரமில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாய்த் தீர்ப்பளித்தனர். அவதூறுச் சட்டமோ, சொன்னது உண்மையானால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகவும் இருக்கவேண்டும் என்கிறது. பழைய பீனல் கோடிலிருந்த இவ்விதி, 2024-ல் அதன் இடத்துக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவிலும் நிலைத்திருக்கிறது.

நம் நெல்வள நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். முறை தவறி மடையைத் திறந்தவர் யார்? கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்டவர் யார்? கோயில் நிலத்தின் குத்தகைப் பாக்கி எவ்வளவு? இவை ஊரார் பொதுக் காரியங்கள். ஆதாரத்தோடு, பெயர் சொல்லியே கேட்கவேண்டும். ‘சொந்த விஷயம்’ என்று கதவைச் சாத்த எவருக்கும் உரிமையில்லை. ஆனால், அதே உத்தியோகஸ்தரின் மகள் யாரை மணந்தாள், மனைவிக்கு என்ன வியாதி என்பவை நமக்கு எதற்கு? குத்தகையை அவர் மைத்துனருக்கே கொடுத்திருந்தால் அந்த உறவை எழுதலாம். அந்த அளவுக்கே கதவு திறக்கும்.

பொது வாழ்வில் ஈடுபட்ட அன்பர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். எதிரியின் கணக்கில் குற்றம் காண முடியாதவனே அவன் வீட்டுக் கதையைத் தேடிப் புறப்படுகிறான். அக்கதையை நாம் கேட்டுச் சிரித்தால், நாளை நம் வீட்டு வாசலிலும் அவன் வந்து நிற்பான். சர்க்காரும் அதையே சாக்காகக் கொண்டு எல்லோர் வாயையும் கட்டும். வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை. எல்லையைக் காக்கும் முதற் கடமை வாசகருடையதே.