தேய்ந்த ஆயில் எஞ்சினை வீட்டிலேயே புதுப்பித்தல்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே முக்கொம்பு தொட்டுக் கல்லணை நோக்கி நீண்டு கிடக்கும் ஸ்ரீரங்கத் தீவில் வாழை ஒரு முக்கியமான பயிராகும். திருவளர்சோலை, உத்தமர்சீலி முதலிய கிராமங்களில் பூவனும் ரஸ்தாளியும் ஏலரிசியும் அடர்ந்து நிற்பதைக் காணலாம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடப்பட்டு ஜூன் 12-ல் திறக்கப்படும். இடைப்பட்ட நான்கரை மாதமும் ஓராண்டுப் பயிராகிய வாழை கிணற்று நீரைக் கொண்டே பிழைத்தாக வேண்டும். குலை தள்ளும் சமயத்தில் நீர் தவறினால் காய் பருக்காது. பின்னர் எவ்வளவு இறைத்தாலும் அந்நஷ்டம் ஈடாவதில்லை. ஆகையால் சித்திரை மாதத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் அவ்வருஷத்து வரும்படியே நின்றதாகக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி அளிக்கப்பட்டு வருகிறது. எனினும் இணைப்புக்கு மனுச் செய்து காத்திருப்போருக்கும், ஆற்றோரத்தில் இடம் மாற்றி மாற்றி இறைப்போருக்கும் ஆயில் எஞ்சினே துணை. இவ்வெஞ்சின்களிற் பல, இங்கிலாந்தில் டர்ஸ்லி நகரத்து லிஸ்டர் கம்பெனியார் 1930-ஐ ஒட்டி வெளியிட்ட மெதுவேக எஞ்சினின் வழிவந்தவை. நாலரை அங்குல சிலிண்டரும் ஐந்தரை அங்குல ஓட்டமும் உடைய அது, நிமிஷத்திற்கு 600 சுற்றில் 5 குதிரைத் திறன் தரும். பிற்காலத்தில் குஜராத்திலுள்ள ராஜ்கோட் பட்டறைகள் அதே மாதிரியில் ஏராளமாகச் செய்து நாடெங்கும் அனுப்பின. வேகம் குறைவு, பாகங்கள் கனம், திறந்து பார்ப்பதும் எளிது. ஆதலின் தேய்ந்தவுடன் பழைய இரும்புக்குப் போடுவது அறியாமை என்றே சொல்லவேண்டும்.

எஞ்சின் புகை கக்குவதாலேயே அது தேய்ந்துவிட்டதென்று முடிவு செய்யலாகாது. நாசில் சரியாகத் தெளிக்காவிட்டாலும் கரும்புகை வரும். நீலப்புகையும், எண்ணெய் அடிக்கடி குறைவதும், ஹாண்டில் சுற்றும்போது அமுக்கம் தளர்ந்திருப்பதும் ஒருசேரக் காணப்பட்டால் வளையங்களையும் சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். வால்வு ஒழுக்கினாலும் அமுக்கம் தளரும். ஹெட்டைக் கழற்றி, வால்வின் பின்புறத் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், ஒழுகும் வால்வு தானே காட்டிக் கொடுக்கும். அவ்வாறாயின் கார்போரண்டம் பசை தடவித் தேய்த்து உட்காரச் செய்தாலே போதும். பிஸ்டனைத் தொடவும் வேண்டியதில்லை. இதனைச் சோதியாமல் புது வளையங்கள் வாங்கிப் பணத்தைப் பாழாக்குவோர் அநேகர்.

சிலிண்டரின் தேய்மானத்தை அளக்க விலையுயர்ந்த கருவி அவசியமில்லை. ஒரு பீலர் கேஜ் போதும். பழைய வளையம் ஒன்றைச் சிலிண்டரின் அடிப்பாகத்தில், வளையம் உரசாத இடத்தில் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை அளக்கவும். பின்பு மேற்பாகத்தில் விளிம்புத் திட்டுக்குச் சற்றுக் கீழே வைத்து மறுபடியும் அளக்கவும். இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் ஏற்பட்ட தேய்மானம் கிடைக்கும். உதாரணமாக, கீழே அரை மில்லிமீட்டரும் மேலே ஒன்றரை மில்லிமீட்டரும் இருந்தால், சிலிண்டர் ஏறக்குறைய 0.32 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. கால் மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தேய்மானமுள்ள சிலிண்டரில் புது வளையம் பொதுவாக நெடுநாள் நிற்பதில்லை. லைனர் உள்ள எஞ்சினாயின் லைனரை மாற்றவேண்டும். இல்லாவிடில் பட்டறையில் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்டன் போடவேண்டும். வீட்டில் செய்யக்கூடாத வேலை இது ஒன்றே. பொன்மலையில் ரயில்வே பட்டறை 1928 முதலும், திருவெறும்பூர்ப் பக்கத்தில் கொதிகலத் தொழிற்சாலை 1965 முதலும் நடந்து வருவதால், இரும்பு வேலையறிந்த கைகளுக்குத் திருச்சியில் குறைவில்லை.

தேய்மானம் சொற்பமாயின் மேல்விளிம்புத் திட்டை முதலில் சுரண்டி நீக்கவேண்டும். நீக்காவிடில் புதிய மேல்வளையம் அதில் மோதி உடைந்துபோகும். உடைந்த பழைய வளையத் துண்டே பிஸ்டன் பள்ளங்களில் இறுகிய கரியைச் சுரண்ட மிகவும் ஏற்ற கருவி. புது வளையத்தையும் சிலிண்டரில் வைத்து வாய் இடைவெளியைப் பார்க்காமல் மாட்டலாகாது. நாலரை அங்குலச் சிலிண்டருக்கு அது சுமார் 0.35 முதல் 0.45 மில்லிமீட்டர் இருத்தல் நலம். வாய்கள் ஒரே வரிசையில் வராதபடி மாற்றி மாற்றி வைக்கவும். கனெக்டிங் ராடின் அடிமூடிகளைக் கழற்றுமுன் புள்ளியடித்து அடையாளம் செய்யாதவர்கள், திரும்ப மாட்டுகையில் திசை மாற்றிப் பேரிங்கைக் கெடுத்துக்கொள்வர். சிலிண்டரின் அடியில் எத்தனை தகட்டு காஸ்கெட்டுகள் இருந்தனவோ அத்தனையும் திரும்ப வைக்கப்பட வேண்டும். ஒன்று குறைந்தாலும் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கக்கூடும். சந்தேகமிருந்தால் பிஸ்டன் தலையில் சிறு ஈயத்துண்டுகளை வைத்து, ஹெட்டை இறுக்கி, சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுற்றி, நசுங்கிய கனத்தை அளந்து, தயாரிப்பாளர் கூறும் அளவோடு ஒத்திட்டுப் பார்க்கவும்.

நாசிலை வெளியே எடுத்துச் சோதிக்கும்போது தெளிப்பு மூடுபனி போல் வரவேண்டும். தாரையாக வடிந்தால் ஆகாது. அத்தெளிப்பின் எதிரே கையை நீட்டவே கூடாது. அதன் வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, விரலையே வாங்க வேண்டிய நிலைமைக்குக் கொண்டுபோய் விடும்.

இவ்வளவு தேய்மானத்திற்கும் காரணம் பெரும்பாலும் தூசியே. ஆற்றுமணற் பாங்கான தீவில் காற்று வடிகட்டியின்றி ஓடும் எஞ்சின் மணலைக் குடித்தே ஓடுகிறது. வடிகட்டிப் பாத்திரத்து எண்ணெயைக் கோடையில் வாரம் ஒருமுறை பார்ப்பது பெரிய வேலையன்று.

புதுப்பித்த எஞ்சினை முதலிலேயே முழுப்பளுவில் ஓட்டலாகாது. சில மணி நேரம் வெறுமனேயும், பிறகு பம்பின் வால்வைப் பாதி திறந்தும் ஓட்டி, முதல் எண்ணெயைச் சூடாயிருக்கும்போதே வடித்துவிடவும். அதில் இரும்புப் பொடி மினுமினுப்பது இயல்பே. ஆற்றில் நீர் வந்து எஞ்சினுக்கு வேலையில்லாத மாதங்களில், வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் நிலைக்குச் சக்கரத்தைச் சுற்றி வைத்து, புகைக்குழாயின் வாயைத் தகரத்தால் மூடி வைக்கவும்.