நேர்காணலில் பாகுபாடான வினாக்கள்

நேர்காணலில் பாகுபாடான வினாக்கள் எனப்படுபவை, விண்ணப்பதாரரின் தகுதியையோ திறமையையோ அறிய உதவாமல், அவரது பால், சாதி, சமயம், திருமண நிலை, கருவுற்ற நிலை, உடற்குறைபாடு முதலியவற்றை அறிந்து அவற்றின் அடிப்படையில் அவரை விலக்க இடமளிக்கும் வினாக்கள் ஆகும். இவை பெரும்பாலும் இயல்பான விசாரிப்புப் போலவே அமைகின்றன. "சொந்த ஊர் எது?", "திருமணம் ஆகிவிட்டதா?" என்று பேருந்தில் அருகில் அமர்ந்திருப்பவர் கேட்டால் அது உரையாடல். வேலை கொடுக்கும் அதிகாரம் உடையவர் கேட்கும்போது, விடை சொல்லாதிருப்பதும் ஒரு விடையாகவே கொள்ளப்படும்.

குடிமைப் பணிகளில்

இந்தியாவில் இத்தகைய வினாக்கள் நெடுங்காலம் அரசு விதிகளின் ஆதரவுடனேயே கேட்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்ற அன்னா ராஜம் ஜார்ஜ் (பின்னாளில் அன்னா ராஜம் மல்கோத்ரா) 1951இல் இந்திய ஆட்சிப் பணிக்கான நேர்காணலுக்குச் சென்றபோது, வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளோ பெண்களுக்குப் பொருத்தமானவை என்று தேர்வுக் குழுவினர் அவருக்கு அறிவுறுத்தினர். அவர் இணங்காமல் ஆட்சிப் பணியையே தேர்ந்தெடுத்து, சென்னை மாநிலப் பிரிவில் சேர்ந்தார். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை அவரது பணி ஆணையிலேயே இருந்தது. அவ்விதி பின்னர் நீக்கப்பட்டது.

பெண்களுக்கு ஏற்றதாக அவருக்குச் சுட்டப்பட்ட வெளியுறவுப் பணியின் நிலையோ வேறு. 1949இல் அப்பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி. பி. முத்தம்மாவிடம், அது பெண்களுக்கு உகந்ததன்று என்று கூறி அவரைத் தடுக்க முயன்றனர். திருமணம் செய்தால் பதவி விலகுவதாக அவர் உறுதிமொழி அளிக்க வேண்டியிருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவ்விதிகளைக் கடுமையாகச் சாடினார். குடும்பப் பொறுப்பு பெண் அலுவலரின் பணிக்குத் தடையாகக் கூடுமானால் ஆண் அலுவலருக்கும் அவ்வாறே ஆகக்கூடும் என்பது அவர் காட்டிய நியாயம். ஒரு வினாவை எடைபோட இதைவிட எளிய அளவுகோல் கிடைப்பது அரிது. குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்று ஆண் விண்ணப்பதாரரிடம் எவரும் கேட்பதில்லை.

நீரா மாத்தூர் வழக்கு

நேர்காணலில் வாய்மொழியாகக் கேட்கப்படாதது, சில வேளைகளில் அதையடுத்து வரும் படிவத்தில் கேட்கப்படும். இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளர் பணிக்கு எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் வெற்றி பெற்ற பெண் ஒருவர், 1989 மே மாதம் உறுதிமொழிப் படிவம் ஒன்றை நிரப்பினார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருவுற்றார், கருச்சிதைவு நேர்ந்ததா என்றெல்லாம் அதில் கேட்கப்பட்டிருந்தது. மருத்துவச் சோதனைக்குப் பின் செப்டம்பரில் அவர் பணியமர்த்தப்பட்டார். 1990 சனவரியில் அவருக்குக் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில், தகுதிகாண் பருவத்திலேயே பணிநீக்கம் செய்யப்பட்டார். படிவத்தில் அவர் பொய்யான தகவல் அளித்தார் என்பது கழகத்தின் வாதம்.

தில்லி உயர் நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் 1991 அக்டோபர் 31 அன்று அவரை மீண்டும் பணியில் சேர்க்க ஆணையிட்டது. விண்ணப்பதாரர் அளித்த விடையை விட, அவ்விடையைக் கோரிய படிவமே உண்மையான கேடு என்று நீதிமன்றம் கருதியது. அவ்வினாக்கள் பெண்ணின் நாணத்துக்கும் தன்மதிப்புக்கும் இழுக்கானவை எனக் கூறி, அவற்றை நீக்குமாறும் பணித்தது.

செருமனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றமும் 1992இல் இதே திசையில் சென்றது. கருவுற்றிருக்கிறீர்களா என்ற வினா கேட்கத் தகாததாகையால், அதற்கு உண்மைக்கு மாறாக விடையளித்தவரின் வேலை ஒப்பந்தத்தை அந்தக் காரணத்தால் செல்லாததாக்க இயலாது என்பது அங்குள்ள நிலை. பொய் சொல்ல உரிமையா என்று கேட்பவருக்கு இது வியப்பாக இருக்கலாம். கேட்க உரிமையற்ற ஒன்றைக் கேட்டவர், உண்மையான விடையை எதிர்பார்க்கவும் உரிமையற்றவர் என்பதே இதன் அடிப்படை.

குடும்பப் பின்னணி குறித்த வினாக்கள்

சாதியை நேரடியாகக் கேட்பவர் குறைவு. சொந்த ஊர், தந்தையின் தொழில், குடியிருக்கும் தெரு, உணவுப் பழக்கம் ஆகியவற்றின் வழியே அது அறியப்படுகிறது. பெயருக்குப் பின் சாதிப் பெயர் இடும் வழக்கம் பெரிதும் மறைந்துவிட்ட தமிழ்நாட்டில் இத்தகைய சுற்றுவழி வினாக்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியுள்ளது. சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் தனியார் நிறுவனங்களில் ஆளெடுக்கும் அலுவலர்களைச் சந்தித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், திறமை ஒன்றையே பார்ப்பதாகச் சொன்ன அதே அலுவலர்கள் குடும்பப் பின்னணியை அறிவது முக்கியம் என்றும் கூறியது பதிவாகியுள்ளது. படிப்பறிவுள்ள குடும்பத்தில் பிறந்ததைத் திறமையின் அடையாளமாகக் கொண்டால், முதல் தலைமுறைப் பட்டதாரி பேசத் தொடங்கும் முன்பே பின்தங்கிவிடுகிறார்.

சட்ட நிலை

இந்திய அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு சமயம், இனம், சாதி, பால், வமிசம், பிறப்பிடம், வசிப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. எனினும் அது அரசுப் பணிகளுக்கே பொருந்தும். பணியமர்த்தலில் பால் அடிப்படையிலான பாகுபாட்டை, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் தனியார் துறையிலும் தடை செய்கிறது. அதற்கு முன் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் பெண்களுக்கு இப்பாதுகாப்பை அளித்தது. வேலைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கோருவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குகிறது.

வினாவை மாற்றியமைத்தல்

பெரும்பாலான பாகுபாடான வினாக்களுக்குப் பின்னால் முறையான தேவை ஒன்று இருக்கக்கூடும். அத்தேவையையே நேரடியாகக் கேட்பது வழி. இரவுப் பணிக்கு ஆள் தேவையெனில், "வீட்டில் அனுமதிப்பார்களா?" என்பதற்கு மாறாக, பணி நேரத்தைத் தெரிவித்து "இந்நேரத்தில் பணிபுரிய இயலுமா?" என்று எல்லோரிடமும் கேட்கலாம். சுமை தூக்கும் வேலையெனில் எடையைச் சொல்லிக் கேட்கலாம். நோய் வரலாறு தேவையில்லை. வினாக்களை முன்கூட்டியே எழுதிவைத்து அனைவரிடமும் அவற்றையே கேட்பதும், விடைகளுக்கு உடனுக்குடன் மதிப்பெண் இடுவதும் பயன் தரும். ஆயினும் தேநீர் அருந்தும்போதும் வழியனுப்பும்போதும் நடக்கும் பேச்சு இந்தப் பட்டியலுக்குள் அடங்குவதில்லை. விலக்க வேண்டிய வினாக்கள் மிகுதியாக எழுவது அப்போதுதான்.