சீட்டுக்கு அடியில் ஒரு சீட்டு... பழைய கார்களுக்குள் ஒளிந்திருக்கும் ஆச்சர்யங்கள்!

அமெரிக்காவில் கார் பிரியர்கள் கூடும் இடங்களில் பல வருடங்களாக ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. பணக்காரர் ஒருவர் புத்தம் புது கேடிலாக் கார் வாங்குகிறார். ஓட்டும்போதெல்லாம் எங்கிருந்தோ 'கடகட'வென ஒரு சத்தம். ஷோரூமுக்கும் வீட்டுக்குமாக அலைகிறார். மெக்கானிக்குகள் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் கதவின் உள்பக்கத்தைப் பிரித்தால், உள்ளே கயிற்றில் கட்டித் தொங்குகிறது ஒரு காலி பாட்டில். கூடவே ஒரு துண்டுச்சீட்டு. 'ஒருவழியா கண்டுபிடிச்சிட்டியா பணக்காரா!' என்று தொழிற்சாலை ஊழியர் யாரோ எழுதிவைத்திருக்கிறார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வாய்வழியாகப் பரவும் இப்படிப்பட்ட கதைகளைத் தேடித் தேடித் தொகுத்த அமெரிக்க நாட்டாரியல் பேராசிரியர் ஜான் ஹரால்டு புருன்வண்ட், இதையும் 'நண்பனின் நண்பனுக்கு நடந்தது' ரகக் கட்டுக்கதையாகவே கணக்கில் வைத்திருக்கிறார்.

பாட்டில் கதை எப்படியோ போகட்டும். பழைய காரின் சீட்டைக் கழற்றியவர்களுக்குக் கைநிறைய ஏதாவது கிடைப்பது மட்டும் உண்மை. சில்லறைக் காசு, கொண்டை ஊசி, சீப்பு, பெட்ரோல் பங்க் ரசீது, குழந்தையின் பொம்மை... சீட்டுக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு, ஒரு குடும்பத்தின் இருபது வருடங்களை விழுங்கிவைத்திருக்கும். நம்மூர் கார் என்றால் டேஷ்போர்டு பெட்டியில் ஒரு விபூதிப் பொட்டலமாவது நிச்சயம்.

ஆனால், பழைய கார் வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் சீட்டைப் பிரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடுவது காசையோ நகையையோ அல்ல. ஒரு காகிதத்தை.

குப்பையாகப் போட்டது பொக்கிஷமானது

1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவில் கார் வாங்குவது, கிட்டத்தட்ட டெய்லரிடம் சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரி. எந்த இன்ஜின், எந்த கியர், என்ன கலர், சீட்டுக்கு என்ன துணி, ரேடியோ வேண்டுமா வேண்டாமா என்று எல்லாவற்றையும் சொல்லி ஆர்டர் கொடுக்கலாம். ஒரே அசெம்பிளி லைனில் அடுத்தடுத்து வரும் இரண்டு கார்கள்கூட ஒன்றுபோல் இருக்காது. சீட் பொருத்துகிறவருக்கு, அடுத்து வருவது கறுப்பு சீட் காரா, வெள்ளை சீட் காரா என்று எப்படித் தெரியும்?

அதற்குத்தான் 'பில்டு ஷீட்'. அந்த ஒரு காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று எண்களும் எழுத்துகளுமாகக் குறியீட்டில் அச்சான தாள். லைனில் ஆங்காங்கே இருக்கும் ஊழியர்கள் இதைப் பார்த்துத்தான் வேலையை முடிப்பார்கள். வேலை முடிந்ததும் தாளுக்கு வேலை இல்லை. சீட் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே செருகிவிடுவார்கள். அல்லது அது பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒட்டிக்கொண்டு, டேங்க்கோடு சேர்ந்து காருக்கு அடியில் போய்விடும். எதிர்காலத்தில் யாராவது தேடுவார்கள் என்று நினைத்து யாரும் வைத்ததில்லை. அப்போதைக்கு அது வெறும் குப்பை.

அந்தக் குப்பைதான் இன்று காரின் ஜாதகம்.

1970-ல் வந்த செவ்ரோலே ஷெவெல் காரை எடுத்துக்கொள்ளலாம். அதில் 'எஸ்.எஸ்.' என்ற வேகமான ரகம் உண்டு. அதிலும் 454 கன அங்குல 'எல்.எஸ்.6' இன்ஜின் வைத்தது 450 குதிரைத்திறன் கொண்ட ராட்சசன். சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் கார் இது. சிக்கல் என்னவென்றால், அந்த வருடத்து சேஸிஸ் நம்பரைப் பார்த்தால், எட்டு சிலிண்டர் கார் என்பதுவரைதான் தெரியும், எஸ்.எஸ். ரகமா, சாதாரண மாலிபுவா என்று தெரியாது. ஏனென்றால் எஸ்.எஸ். என்பது தனி மாடல் அல்ல, கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பேக்கேஜ். சாதாரண மாலிபுவில் இன்ஜினை மாற்றி, சின்னத்தை ஒட்டி, பானெட்டில் இரண்டு பட்டை தீட்டினால் அச்சு அசலாக எஸ்.எஸ். மாதிரியே நிற்கும். அப்படிப் 'பிறந்த' கார்கள் சந்தையில் ஏராளம்.

ஆக, வாங்கிய கார் அசலா, வேஷமா என்று தெரியாமல் பல வருடங்கள் வைத்திருக்கும் ஒருவருக்கு, டேங்க்கைக் கழற்றும் அந்த நாள்தான் பரீட்சை ரிசல்ட் வரும் நாள். தாள் கிடைத்து, அதில் சரியான குறியீடு இருந்தால், கார் மதிப்பு ஒரே மதியத்தில் எகிறிவிடும். இல்லையென்றால், இத்தனை வருடம் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னது பொய் என்று தெரிந்துபோகும். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. லைனில் முன்னே போன காரின் தாள், பின்னால் வந்த காரின் சீட்டுக்குள் போய்விடுவது சகஜம். சீட்டைப் பிரித்து, தாளைப் பார்த்துத் துள்ளிக் குதித்து, நம்பரைச் சரிபார்த்தால்... அது வேறு யாருடைய காரின் ஜாதகமோ!

தாளுக்கு முதல் எதிரி எலி. நாள்கணக்கில் நிற்கும் கார், எலிக்கு மாளிகை. சீட்டின் பஞ்சு மெத்தை. காகிதம் கிடைத்தால் கூடு கட்ட சௌகர்யம். பில்டு ஷீட்டின் பாதியைக் கூட்டுக்குள்ளிருந்து துணுக்குத் துணுக்காக எடுத்து ஒட்டிப் படித்த உரிமையாளர்களும் உண்டு. எலிக்கூடு இருந்தால் வெறும் கையால் தொடக் கூடாது, துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. எச்சத்தின் தூசி மூச்சில் போனால் ஹான்டா வைரஸ் போன்ற நோய்கள் வரலாம். கதவைத் திறந்து காற்றாட விட்டு, கையுறை மாட்டி, கிருமிநாசினி தெளித்து ஈரமாக்கிய பிறகே துடைத்து எடுக்க வேண்டும்.

மெக்ஸிகோவில் கிடைத்த நம்பர்

சில நேரம் காருக்குள் கிடைக்கும் ஆச்சர்யம், அந்தக் காரேதான். 1968-ல் வெளியான 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன், சான் பிரான்சிஸ்கோ மேட்டுச் சாலைகளில் பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங்கை விரட்டும் காட்சி உலகப் பிரபலம். படப்பிடிப்புக்கு இரண்டு மஸ்டாங்குகள். ஒன்று, 1974-ல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கி வீட்டு உபயோகத்துக்கு ஓட்டியது. மெக்வீனே 1977-ல் கடிதம் எழுதி, 'அந்த காரைத் திருப்பித் தருவீர்களா' என்று கேட்டும் கொடுக்கவில்லை. குதித்துக் குதித்து அடிவாங்கிய இன்னொரு கார், பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

2017-ல் மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா பகுதியில் கிடைத்த ஒரு துருப்பிடித்த மஸ்டாங்கைப் புதுப்பிக்க எடுத்தார்கள் இருவர். திட்டம், அதை வேறொரு சினிமா காரின் நகலாக மாற்றுவது. வேலையைத் தொடங்கும்போது சேஸிஸ் நம்பரைத் தேடிப் பார்த்தால், தொலைந்துபோன அந்த 'புல்லிட்' கார்! ஸ்டன்ட்டுக்காகச் சேர்த்த கூடுதல் வலுவூட்டல்களும் டிக்கியில் போட்ட துளைகளும் அப்படியே இருந்தன. ஃபோர்டு ஆவணங்களில் நிபுணரான கெவின் மார்ட்டி நேரில் பார்த்து உறுதிசெய்தார். நம்பரைப் பார்க்காமல் வெல்டிங்கைத் தொடங்கியிருந்தால், நகல் செய்வதற்காக அசலையே வெட்டியிருப்பார்கள். இதன் ஜோடி கார் 2020 ஜனவரியில் கமிஷனோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த நம்பரின் அருமை புரியும்.

பெட்ரோல், பீர், ஒரு பார்க்கிங் அபராதம்

இதெல்லாம் தற்செயலாகக் கிடைத்தவை. 50 வருடம் கழித்து உரிமையாளர் கண்டெடுக்க வேண்டும் என்று திட்டமிட்டே பொருள்களை வைத்து மூடிய கார் ஒன்றும் இருக்கிறது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் உருவாகி 50 வருடம் ஆனதைக் கொண்டாட, 1957 ஜூன் 15-ல் டல்சா நகரில் நீதிமன்றப் புல்வெளிக்கு அடியில் கான்கிரீட் பெட்டகம் கட்டி, புத்தம் புது பிளிமத் பெல்வெடியர் காரைப் புதைத்தார்கள். அணுகுண்டு விழுந்தாலும் பெட்டகம் தாங்கும் என்பது அன்றைய பேச்சு. 2007-ல் டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று மிகச் சரியாகக் கணிப்பவருக்கே இந்த கார் பரிசு.

காருக்குள் வைத்தவற்றைப் படித்தால் சிரிப்பும் வரும், பாசமும் வரும். டிக்கியில் 10 கேலன் பெட்ரோல், ஆயில், ஒரு பெட்டி பீர். 2007-ல் பெட்ரோலே வழக்கொழிந்து போயிருந்தால் காரை எப்படி ஓட்டுவார்கள் என்ற கவலையாம்! டேஷ்போர்டு பெட்டியில், அந்தக் காலத்துப் பெண்ணின் கைப்பையில் இருக்கக்கூடிய பொருள்கள்: 14 கொண்டை ஊசிகள், லிப்ஸ்டிக், சூயிங்கம், சிகரெட், மன அமைதிக்கான மாத்திரை, 2 டாலர் 43 சென்ட் பணம். கூடவே, கட்டாமல் விட்ட ஒரு பார்க்கிங் அபராதச் சீட்டு.

2007 ஜூன். ஊரே திரண்டு நிற்க, பெட்டகத்தைத் திறந்தார்கள். அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. சுற்றியிருந்த உறைக்குள் கார் முழுக்கத் துரு. சீட் மெத்தைகள் உளுத்துப்போய்விட்டன. கைப்பைப் பொருள்கள் இருந்த இடத்தில் கிடைத்தது, அழுகிய தோல் போன்ற ஒரு கட்டி மட்டும். தனியாக மூடி சீல் வைத்த இரும்புக் குடுவைக்குள் இருந்த கொடியும் காகிதங்களும்தான் தப்பின.

போட்டியில் ஜெயித்தவரின் கணிப்பு 3,84,743. உண்மையான எண்ணிக்கை 3,82,457. அரை நூற்றாண்டுக்கு முன் சொன்ன கணக்கில் வெறும் 2,286-தான் வித்தியாசம்! ஆனால், பரிசை வாங்க அவர் இல்லை. 1979-லேயே இறந்துவிட்டார், குழந்தைகளும் இல்லை. வயதான அவருடைய சகோதரிகளின் கைக்கு வந்தது, ஓட முடியாத ஒரு துருக்கூடு. பிறகு நியூ ஜெர்சியில் ஒருவர் வருடக்கணக்கில் பாடுபட்டுத் துருவைக் கழுவினார். இப்போது இல்லினாய் மாநிலத்தின் ரோஸ்கோ ஊரில் ஒரு தனியார் மியூசியத்தில் அது நிற்கிறது. டல்சாக்காரர்கள் விடுவதாக இல்லை. 1998-ல் ஒரு பிளிமத் ப்ரௌலர் காரைப் பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள், இந்த முறை தரைக்கு மேலே! திறக்கும் வருடம் 2048.

தாத்தா கார் வீட்டில் நிற்கிறதா?

தாத்தா ஓட்டிய அம்பாசடர், அப்பா கல்யாணத்துக்கு வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஷெட்டில் ஒரு கார் நிற்கும் வீடுகள் இங்கேயும் இருக்கின்றன. அந்தக் காருக்குள்ளும் தேட வேண்டிய ஒரு காகிதம் உண்டு: பழைய ஆர்.சி. புத்தகம்.

மத்திய அரசு 2021 ஜூலையில், வின்டேஜ் வாகனங்களுக்கு என்றே தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றங்கள் செய்யாமல் அசல் வடிவில் இருக்கும் இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்று வரும். கண்காட்சி, வின்டேஜ் பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று ஓட்டலாம்; தினசரி ஆபீஸ் போகவோ வாடகைக்கு விடவோ கூடாது.

விண்ணப்பத்தோடு இன்ஷூரன்ஸும், ஏற்கெனவே இந்தியாவில் பதிவான கார் என்றால் பழைய ஆர்.சி-யும் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கார் என்றால் இறக்குமதி ஆவணம். கார் இருக்கும், சாவி இருக்கும், ஆனால் இந்தப் புத்தகம் இருக்காது. பீரோவைப் புரட்டிப்போடுவதற்கு முன்னால் டேஷ்போர்டு பெட்டியின் பின்பக்கம், சன் வைசர் மடிப்பு, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், சீட்டுக்குக் கீழே என்று ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். கிடைக்கும் காகிதம் ஈரமாக இருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம். நிழலில் காயவிட்டு, முதலில் போட்டோ எடுங்கள்.

சீட் தைக்கக் கொடுப்பவர்கள் கடைக்காரரிடம் இதைச் சொல்லியே கொடுப்பது நல்லது. பழைய மெத்தையை உரித்ததும் முதல் வேலையாக அவர் செய்வது, உள்ளே கிடக்கும் 'குப்பை'யை எல்லாம் வாரி வெளியே கொட்டுவதுதான்.