முதலில் விலை, பிறகு சுவை

குண்டசாலையில் பால் டொபி செய்து விற்கும் அக்கா ஒருவருக்குக் கடைக்காரர் வைத்ததே விலை. வாங்கிச் சாப்பிடுபவருக்கோ செய்தவர் யாரென்றே தெரியாது. எனவே, அவருக்கு வலைப்பூ ஒன்று தொடங்க உதவினேன். 1999இல் அறிமுகமாகி, 2003இல் கூகுள் வாங்கிய 'புளொக்கர்' சேவைக்குக் கட்டணமில்லை.

சுவையைப் புகழ்ந்து தமிழில் பக்கம் பக்கமாக எழுதினேன். ஒருவரும் அழைக்கவில்லை.

"தங்கச்சி, விலை எங்க? எனக்கு எப்பிடிக் கோல் எடுக்கிறது? இங்க வாங்குறது கூடுதலா சிங்கள ஆக்கள்தானே?" என்றார் அக்கா.

நிறை, விலை, எத்தனை நாள் வைத்திருக்கலாம், தொலைபேசி எண் ஆகியவற்றை இரு மொழிகளிலும் எழுதி, டொபி கிளறும் படத்தையும் சேர்த்தோம். அதன் பின்னரே முதல் அழைப்பு வந்தது. அன்று விலையைச் சொன்னவர் அக்காதான்.

சகோதரிகளே, உங்கள் பொருளைப் புகழுமுன் வாங்குபவரின் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.