குஞ்சின் சதையியும் முதற் தீனும்

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு இரண்டு மூன்று நாள்வரை தீன் வேண்டியதில்லை என்பது கோழி வளர்ப்போர் பலரின் எண்ணம். வயிற்றினுள் மஞ்சட்கரு எஞ்சியிருக்கின்றதே என்பர். இதிற் பாதி உண்மையுண்டு. மற்றப் பாதி நட்டத்தை விளைவிப்பது.

கோழிமுட்டையின் அடைகாலம் 21 நாள். அதன் முதல் வாரத்திலேயே முளையத்தின் குடலிலிருந்து சிறு அரும்புகள் தோன்றிப் பின்னர் ஒன்றுகூடிச் சதையியாகின்றன. முன்சிறுகுடலின் வளைவினிடையே வெளிறி நீண்டு கிடக்கும் சுரப்பி இதுவே. கோழியைத் துப்புரவாக்குவோர் குடலோடு சேர்த்து எறிந்துவிடுவர். மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் அமிலேசும், புரதத்துக்குரிய திரிப்சினும், கொழுப்புக்குரிய இலிப்பேசும் இங்கு உண்டாகின்றன. முட்டையினுள் மாப்பொருள் இல்லை. ஆயினும், அரிசியையோ சோளத்தையோ கண்டிராத அம்முளையம் பொரிப்பதற்குச் சில நாட்களின் முன்னரே அமிலேசைச் சேர்த்துவைக்கின்றது! திரிப்சினோ தொழிற்படா வடிவில் நுண்மணிகளுள் அடைபட்டிருக்கும்; இல்லையேல் சதையியையே அரித்துவிடும். குடலை அடைந்தபின், குடற்சுவரிலுள்ள பிறிதொரு நொதியமே அதனைத் தொழிற்படச் செய்கின்றது.

ஆகவே குஞ்சு ஆயத்தமாகவே பிறக்கின்றது. ஆனால் தீன் உட்சென்ற பின்னரே நொதியச் சுரப்புப் பெருகும். குடலும் விரைந்து வளரும். ஏறக்குறைய 40 கிராம் நிறையுள்ள குஞ்சில் எஞ்சிய மஞ்சட்கரு 6 முதல் 8 கிராம் வரையிலேயே இருக்கும். அது உயிரைத் தாங்குமேயன்றி வளர்ச்சிக்குப் போதாது. அம்மஞ்சட்கருவும் தீன் உண்ட குஞ்சிலேயே விரைவாகப் பயன்படுகின்றது.

எனக்குத் தெரிந்த பண்ணையாளர் ஒருவர் மூன்றாம் நாள்வரை தீன் வைக்கவில்லை. அதே நாளிற் பொரித்த அயலவரின் குஞ்சுகளிலும் அவருடையவை சிறுத்து நின்றன, சில இறந்தன. “எல்லாம் விதி, ஐயா” என்றார். விதியன்று, பட்டினியே.

குஞ்சுகள் உலர்ந்து எழுந்து நடமாடத் தொடங்கியதும் தூய நீரும் நொறுக்கிய குஞ்சுத்தீனும் வைத்தல் வேண்டும். வழுக்கும் தாளை விரித்தல் ஆகாது, சாக்கின்மேல் தூவுக. கொழுப்பைச் சமிக்கும் ஆற்றல் மெல்லவே வளருமாதலின் முதல் வாரத்தில் எண்ணெய்ப்பற்று மிக்க தீன் வேண்டாம். சோயா அவரையைப் பச்சையாக ஒருபோதும் கலத்தலாகாது. அதிலுள்ள பொருளொன்று திரிப்சினைத் தடைசெய்யும். ஈடுசெய்ய முயன்று சதையி பருக்கும், குஞ்சோ வளராது. நன்கு வறுத்தோ அவித்தோ சேர்க்க.

மறுநாட் காலை சில குஞ்சுகளைக் கையிலெடுத்துக் கழுத்தடியிலுள்ள இரைப்பையைத் தடவிப் பாருங்கள். வெறுமையாயிருப்பின், அக்குஞ்சின் அலகை நீரில் தோய்த்துத் தீனருகே விடுங்கள்.